கைப்பிடி நான்கு, வேலை நான்கு: டீசல் பம்பு கேள்வி பதில்

மார்கழியில் கோடை நெல்லுக்கு, பர்மியர் பேச்சில் நுவே சபாவுக்கு, நாற்றங்கால் போட்டதுமே பம்பு பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவை பெரும்பாலும் ஒரே வகை இயந்திரத்தைப் பற்றியவை. இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும், கயிறு இழுத்துக் கிளப்பும், காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின். அதன் தண்டிலேயே நேராகப் பூட்டிய 3 அங்குலப் பம்பு. தகட்டில் 186எஃப் என்றிருந்தால் 406 சிசி, ஏறக்குறைய 10 குதிரைச் சக்தி. 178எஃப் அதன் தம்பி, 296 சிசி. பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும். பெல்ட் போட்டு ஓட்டும், இரும்புக் கைப்பிடி சுழற்றிக் கிளப்பும் தண்ணீர்த்தொட்டி எஞ்சினுக்கு முறை வேறு. அதை இன்னொரு இதழில் பார்க்கலாம்.

கேள்வி: புது பம்பு. கயிற்றைப் பத்து தடவை இழுத்தாலும் கிளம்புவதில்லை. ஒருமுறை கயிறு பின்னுக்கு இழுத்து மகன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எதை முதலில் தொட வேண்டும், எதைப் பிறகு? (பர்மாவின் பகோ அருகிலிருந்து ஒரு விவசாயி)

இந்த எஞ்சினில் கை வைக்க வேண்டிய இடம் நான்குதான். டேங்கின் அடியில் டீசலைத் திறந்து மூடும் காக். பக்கவாட்டில் வேக லீவர். தலைக்கு மேலே சின்னதாக டீகம்ப்ரஷன் லீவர். கடைசியாகக் கயிறு. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் வாங்கப் பார்ப்பதில்தான் பாதிக் கோளாறு தொடங்குகிறது.

கயிற்றைத் தொடுமுன் எஞ்சின் ஆயிலையும், பம்புக்குள் தண்ணீரையும் பாருங்கள். தண்ணீர் இல்லாத பம்பை ஓட்டினால் தண்டு வழியே தண்ணீர் கசியாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே சூடேறிக் கருகிவிடும்.

இனி வரிசை. டீசல் காக்கைத் திறவுங்கள். வேக லீவரை ஓட்டும் நிலைக்குத் தள்ளுங்கள். பலருக்கு எஞ்சின் கிளம்பாமல் போவதற்கு ஒரே காரணம் முந்தின நாள் நிறுத்திய நிலையிலேயே லீவர் கிடப்பதுதான். அடுத்து, டீகம்ப்ரஷனைத் தொடாமல் கயிற்றை மெல்ல இழுங்கள். ஓரிடத்தில் சுவரில் முட்டியதுபோல் கனக்கும். அங்கே நிறுத்தி, கயிற்றைக் கையோடு கொண்டுபோய் உள்ளே விடுங்கள். இப்போது டீகம்ப்ரஷன் லீவரைக் கீழே அழுத்தி விட்டுவிடுங்கள். அது அப்படியே தங்கும். இனி இரு கையாலும் பிடித்து, முழுக் கயிறும் வெளியே வரும்படி ஒரே மூச்சில் வேகமாக இழுங்கள். எஞ்சின் சுற்றும்போது லீவர் தானே மேலே துள்ளிவிடும். நாம் தூக்க வேண்டியதில்லை.

கனக்கும் இடத்தை ஏன் தேட வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டால் பிறகு மறக்காது. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றைச் சுமார் 19 மடங்கு நெரிக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. அந்த நெரிப்பைக் கைப்பலத்தால் தாண்டுவது கடினம். டீகம்ப்ரஷன் லீவர் வால்வைச் சற்றே திறந்து வைத்து முதல் நெரிப்பைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. அதற்குள் பறக்கும் சக்கரம் (ஃப்ளைவீல்) வேகம் பிடித்து அடுத்த நெரிப்பைத் தானே உடைக்கிறது. கனக்கும் இடத்திலிருந்து தொடங்கினால்தான் சக்கரத்துக்கு ஓடி வர முழு இடம் கிடைக்கும்.

அரைமனதாக இழுத்தால் பிஸ்டன் மேலே போக முடியாமல் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு வீங்கியது இதனால்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. இன்னொரு ஆபத்தும் உண்டு. திருப்பி அடித்த எஞ்சின் சில சமயம் தலைகீழாகவே ஓட ஆரம்பித்துவிடும். சத்தம் மாறி, ஏர் ஃபில்டர் வழியாகப் புகை வந்தால் அதுதான். உடனே நிறுத்துங்கள். மறையில் திருகிய இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) எதிர்ப்பக்கம் சுற்றினால் கழன்று, பம்பின் வெளிக்கூடான கேசிங்கை உரசிவிடும்.

கிளம்பியதும் மூன்று நிமிடம் மிதமான வேகத்தில் விட்டு, பிறகு லீவரை ஏற்றுங்கள்.

கேள்வி: நடுவில் டீசல் தீர்ந்துவிட்டது. ஊற்றிவிட்டு இழுத்தால் புகைகூட வரவில்லை. (லெப்படான்)

ஏர் பிடித்திருக்கிறது. டீசலை நசுக்க முடியாது, காற்று நசுங்கும். குழாயில் ஒரு குமிழி இருந்தாலும், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சும் நாசில் திறக்கத் தேவையான அழுத்தம், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ, எழும்பாது.

டேங்கை நிரப்பிக் காக்கைத் திறந்து ஐந்து நிமிடம் சும்மா விடுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும். போதாவிட்டால், இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து தலைக்குப் போகும் மெல்லிய இரும்புக் குழாயின் நாசில் பக்க நட்டை ஒரு சுற்று தளர்த்துங்கள். பெரும்பாலும் 17 ஸ்பானர் சேரும். வேக லீவர் ஓட்டும் நிலையில் இருக்கட்டும். டீகம்ப்ரஷனை ஒருவர் அழுத்திப் பிடிக்க, மற்றவர் கயிற்றை நிதானமாக இழுக்க வேண்டும். முதலில் நுரை வரும். பிறகு வெறும் டீசல் சொட்டும். நட்டை இறுக்கி, மறுபடி இரண்டு தடவை இழுத்தால் நாசிலில் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டால் எஞ்சின் தயார். கேட்காவிட்டால் குமிழி இன்னும் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது இந்த நட்டில் கசிவு பார்க்க விரல் வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது சின்னக் காயம்போலத் தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம்.

186எஃப் எஞ்சினுக்கு முழு வேலையில் மணிக்கு இரண்டு லிட்டர்வரை பிடிக்கும். 186எஃப் டேங்க் 5.5 லிட்டர். இரண்டு மணி ஆனதும் ஒரு பார்வை பார்த்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஊற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். சைலன்சர் பக்கத்திலேயேதான் டேங்க் வாயும் இருக்கிறது.

கேள்வி: எஞ்சின் நன்றாக ஓடுகிறது. தண்ணீர் மட்டும் ஏறுவதில்லை, அல்லது அரை மணி கழித்து வருகிறது. இன்ஜெக்டர் மாற்றச் சொல்கிறார்கள். (துவாந்தே)

மாற்றாதீர்கள். எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு பம்புக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது.

பம்பு தண்ணீரை இழுப்பதில்லை. உறிஞ்சு குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. ஆகவே எங்காவது ஊசித்துளை அளவு காற்று புகுந்தாலும் வேலை நடக்காது. முதலில் சந்தேகிக்க வேண்டியது பம்பு வாயில் ஹோஸைப் பூட்டும் கப்ளிங்கின் ரப்பர் வாஷர். காய்ந்து தட்டையாகியிருக்கும், அல்லது போன தடவை கழற்றியபோது சேற்றில் விழுந்து போயிருக்கும். அடுத்தது ஹோஸ் கிளிப். ஒரு கிளிப் போதாது. இரண்டு போட்டு, இறுக்கும் திருகுகள் எதிரெதிர்ப் பக்கம் வரும்படி வையுங்கள். எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால் ஓடும்போதே ஒவ்வொரு பூட்டின்மேலும் களிமண்ணைக் குழைத்து அப்புங்கள். எந்த இடத்தில் அப்பியதும் தண்ணீர் ஏறுகிறதோ அங்கேதான் ஓட்டை. கிரீஸைவிட இது மலிவு, வயலிலேயே கிடைக்கிறது.

பூட்டுகள் சரியென்றால் பம்பை நிறுத்தி, மேல் மூடியைத் திறந்து உள்ளே தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். உறிஞ்சும் வாயில் ஒரு ரப்பர்க் கதவு உண்டு. அதில் வைக்கோல் மாட்டினால் தண்ணீர் ஆற்றுக்கே திரும்பி ஓடி கேசிங் காலியாகிவிடும். மூடி வழியாக வழிய வழிய ஊற்றி நிரப்புங்கள். ஹோஸை நிரப்பத் தேவையில்லை, கேசிங் நிரம்பினால் போதும். அதேபோல் டெலிவரிப் பக்கமும் பாருங்கள். மேட்டில் ஏறிக் கிடக்கும் துணி ஹோஸில் பழைய தண்ணீர் தேங்கியிருந்தால் பம்பு காற்றை வெளியே தள்ள முடியாமல் திணறும். தண்ணீர் வரும்வரை அந்த ஹோஸைக் கழற்றி வையுங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் 12, 13 அடி ஆழத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். நாலு நிமிடத்துக்கு மேலானால் நிறுத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் கொதித்துச் சீல் போய்விடும். அரை மணி ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். பம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள சந்தில் இப்போது தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டினால் சீல் மாற்ற வேண்டியதுதான்.

துவாந்தேக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் ஓடைகளில் கடலோதம் ஏறி இறங்குகிறது. ரங்கூன் ஆற்றில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் 15 அடிக்கு மேல் வித்தியாசம் வரும். ஓதம் ஏறி நிற்கும்போது கரையில் சுகமாக வேலை செய்த பம்பு, ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்திலிருந்து 20 அடி இறக்கத்தில் தண்ணீர் எடுக்கத் தவிக்கும். தகட்டில் 8 மீட்டர் என்று அச்சிட்டிருப்பது கண்காட்சிக் கணக்கு. 15 அடி தாண்டினால் வரும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும், 22 அடியில் கெஞ்ச வேண்டும். மேட்டுக்கு அனுப்புவது இந்தப் பம்புக்குச் சுலபம், பள்ளத்திலிருந்து எடுப்பதுதான் கடினம். அதனால் பம்பைக் கரையிலிருந்து கீழே இறக்குங்கள். ஆனால் கரைச்சரிவில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் ஓதம் திரும்பி எஞ்சினை மூழ்கடித்துவிடும். மூங்கில் தெப்பத்திலோ தட்டையான படகிலோ கட்டி வைப்பவர்களுக்கு இரண்டு கவலையும் இல்லை. எடை 60 கிலோவுக்கு மேல், பர்மா வீசையில் 40 வரும். அதைத் தாங்கும் தெப்பமாக இருக்கட்டும்.

ஹோஸ் பம்பு வாயின் அளவுக்கே, 3 அங்குலத்துக்கு 3 அங்குலமாக, இழுத்தால் சப்பிப்போகாத கெட்டி வகையாக இருக்க வேண்டும். ஆற்றிலிருந்து பம்புவரை ஏறுமுகமாகவே வரட்டும். நடுவில் ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று தங்கும். வடிகட்டிக் கூடு தண்ணீருக்குள் ஓரடியாவது முங்கியிருக்கட்டும், சேற்றைத் தொடவும் கூடாது. மூங்கில் கூடைக்குள் வைத்துக் கட்டினால் இரண்டும் நடக்கும்.

கேள்வி: வேக லீவரை எப்போதும் முழுதாக வைக்க வேண்டுமா? குறைத்தால் டீசல் மிச்சமாகுமா? (பகோ)

மிச்சமாகும், நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாகவே.

வேக லீவர் டீசலை நேராகத் திறக்கும் குழாய் அல்ல. உள்ளே கவர்னர் ஒன்று இருக்கிறது. லீவர் அதன் ஸ்பிரிங்கை இறுக்கி ‘இந்த வேகத்தில் ஓடு’ என்று உத்தரவு கொடுக்கிறது, அவ்வளவுதான். சுமை ஏறினால் டீசலைக் கூட்டுவதும் இறங்கினால் குறைப்பதும் கவர்னர் வேலை. லீவரை ஒரு நிலையில் வைத்துப் பட்டாம்பூச்சி நட்டை முறுக்கிவிட்டால், அதை அடிக்கடி போய்த் தொட வேண்டியதில்லை.

இந்த வகைப் பம்பில் வேகத்துக்குத் தக்கபடி தண்ணீர் மாறும். ஏற்றும் உயரம் வேகத்தின் இருமடிக்கும், தேவைப்படும் சக்தி மும்மடிக்கும் மாறும். 3600 சுற்றில் ஓடுவதை 2900க்கு, அதாவது சுமார் 80 சதவீதத்துக்கு இறக்கினால் தண்ணீர் 80 சதவீதம், உயரம் 64, சக்தி ஏறக்குறைய பாதி. ஐந்து மணி வேலை ஆறேகால் மணி ஆகும். டீசல் செலவு கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு குறையும். வயலில் முழுக் கணக்கும் பலிக்காது, ஏனென்றால் தண்ணீர் ஏற வேண்டிய உயரம் மாறுவதில்லை. மொத்த உயரம் 15, 20 அடிதான் என்றால் நல்ல பகுதி மிச்சமாகும். 60 அடி மேட்டுக்கு அனுப்புபவர் லீவரைக் குறைத்தால் ஒரேயடியாகத் தண்ணீர் நின்றுவிடும். குறைத்துக்கொண்டே வந்து, வாயில் விழும் தண்ணீர் சட்டென்று மெலியும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள்.

ஒரு ஏக்கரில் 2 அங்குலம் தண்ணீர் கட்ட 2,05,000 லிட்டர் வேண்டும். 3 அங்குலப் பம்பு வயலில் உண்மையாகத் தருவது மணிக்கு 40,000 லிட்டர் என்று வைத்தால் ஐந்து மணி நேரம். நெல் போட்டு அறுத்த நிலத்தில் உளுந்து, பாசிப்பயறு போட்டிருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்; அவற்றுக்கு ஒரு நனைப்பே அதிகம், தேங்கினால் வேர் அழுகும்.

கேள்வி: பக்கத்து வயல்காரர் டீகம்ப்ரஷன் லீவரை அழுத்தித்தான் நிறுத்துகிறார். சுலபமாக இருக்கிறதே, தவறா? (தன்லின்)

தவறு. ஓடும் வேகத்தில் வால்வைத் தூக்கிப் பிடித்தால் அந்தச் சின்ன லீவரின் கூரும் வால்வும் அடி வாங்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரை நனைத்து ஆயிலில் இறங்கும். வேக லீவரை இறக்கி மூன்று நிமிடம் மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்தும் நிலைக்குக் கொண்டுபோங்கள். காக்கை மூடுங்கள். கடைசியாகக் கயிற்றை மெல்ல இழுத்து, கனக்கும் இடத்தில் விடுங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், ஈரக்காற்று புகுந்து உள்ளே துரு ஏறாது. மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடக்கும் பம்புக்கு இந்த ஒரு இழுப்பு மிகவும் முக்கியம்.

லீவரை இறக்கியும் நிற்காமல், தானே வெறிபிடித்ததுபோல் வேகம் ஏறினால் என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். காக்கை மூடினால் குழாயில் உள்ள டீசல் தீரும்வரை ஓடும். அதுவரை பொறுக்க முடியாத வேகமென்றால் ஏர் ஃபில்டர் வாயைப் பலகையாலோ மடித்த கெட்டிச் சாக்காலோ அடைத்துவிடுங்கள். வெறும் கையை வைக்காதீர்கள். காற்று இல்லாமல் எந்த எஞ்சினும் ஓடாது. நின்றபின் ஆயில் அளவைப் பாருங்கள். குறிக்கு மேலே ஏறி டீசல் வாடை அடித்தால், எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓடியிருக்கிறது. மெக்கானிக் பார்க்காமல் மறுபடி கிளப்பக் கூடாது.

கேள்வி: எவ்வளவு ஆயில், எத்தனை நாளைக்கு ஒருமுறை?

186எஃப்புக்கு 1.65 லிட்டர், 178எஃப்புக்கு 1.1. டீசல் எஞ்சினுக்கான 15டபிள்யூ-40 ஆயில், அல்லது நம் வெயிலுக்கு 40 நம்பர் ஆயில். புது எஞ்சினில் முதல் 20 மணி ஓடியதும் மாற்ற வேண்டும், உள்ளே இரும்புத்தூள் இருக்கும். பிறகு 100 மணிக்கு ஒருமுறை. அளவுக் குச்சியைத் திருகாமல் சும்மா செருகி எடுத்துப் பார்ப்பதே முறை. பம்பு சமமாக நிற்க வேண்டும். கரைச்சரிவில் வைத்துப் பார்த்தால் பொய் சொல்லும்.

கேள்வி: புகையின் நிறத்தைப் பார்த்தே கோளாறு சொல்லலாமா?

ஓரளவு. கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது சுமை அதிகம். முதலில் ஏர் ஃபில்டர். காகித ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் அலசக் கூடாது, தட்டிப் பார்த்துத் தூசி போகாவிட்டால் மாற்றுங்கள். சூடேறிய பிறகும் வெள்ளை என்றால் டீசலில் தண்ணீர் அல்லது நாசில் சொட்டுகிறது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆயிலைக் கூடுதலாக ஊற்றியவர்களுக்கும் நீலம் வரும் என்பதால் பிஸ்டன் ரிங் மாற்றுமுன் குச்சியைப் பாருங்கள்.

கேள்வி: சாலையோரத்தில் போத்தலில் விற்கும் டீசல் வாங்கலாமா? (பியாப்பொன்)

வேறு வழியில்லாத ஊரில் வாங்கத்தான் வேண்டும். வெள்ளைப் போத்தலாகக் கேட்டு வெயிலில் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து தெரியும். மங்கலாக இருந்தால் வேண்டாம். வீட்டில் டிரம்மில் சேர்ப்பவர்கள் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து வைத்து, இரண்டு நாள் தெளியவிட்டு, அடியில் நாலு விரல் விட்டு மேலாக எடுங்கள். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இன்ஜெக்ஷன் பம்புக்கு டீசல்தான் எண்ணெய்ப்பசையும்; மண்ணெண்ணெய்க்கு அந்தப் பசை போதாது, உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சர் தேய்ந்துவிடும்.

கேள்வி: மாசிக்குப் பிறகு எங்கள் ஓடை உப்புக் கரிக்கிறது. எப்போது இறைப்பது, பம்பை எப்படிக் காப்பது? (சௌத்தான்)

ஓதம் ஏறி நிற்கும் நேரத்தில் உப்பு மிகுதி. வடிந்து முடியும் நேரத்தில் மேலிருந்து வரும் நன்னீர் கலந்து குறைவு. ஆக, நல்ல தண்ணீர் கிடைக்கும் நேரத்தில்தான் பம்புக்கு உயரமும் அதிகம். மேலே சொன்ன தெப்பம் உங்களுக்கு இரட்டை லாபம். இளநாற்றும் பூக்கும் பயிரும் உப்பை அறவே தாங்கா. அந்தக் கட்டங்களில் நாக்கில் கரிக்கும் தண்ணீரை விடுவதைவிட நான்கு நாள் காயவிடுவது மேல். ஓத நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், அதைக் கணக்கில் வைத்து ஆளை வரச் சொல்லுங்கள்.

கேசிங் அலுமினியம். உப்புத் தண்ணீரை உள்ளே வைத்துவிட்டு ஒரு வாரம் போனால் வெள்ளைப் பொடியாக அரிக்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலோ குட்டையிலோ ஹோஸைப் போட்டு ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். பிறகு அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி முழுதாக வடியவிடுங்கள். அந்தத் திருகையும் மேல் மூடியையும் சட்டத்திலேயே கம்பியால் கட்டி வையுங்கள். மறுநாள் தேடும்போது காணாமல் போவது அவை இரண்டும்தான்.

கேள்வி: கிணற்றில் தண்ணீர் 30 அடிக்குக் கீழே போய்விட்டது. பம்பை உள்ளே தட்டு கட்டி இறக்கலாமா?

கூடாது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, தனி வாடையில்லை. கிணற்றுக்குள் தேங்கினால் இறங்கியவர் மயங்குவார், அவரைத் தூக்கப் போனவரும் மயங்குவார். சைலன்சரில் குழாய் மாட்டி மேலே விட்டாலும் பூட்டுகளில் கசியும். 30 அடி ஆழத்திலிருந்து உறிஞ்சுவது இந்தப் பம்பால் முடியாத காரியம். ஆழக் கிணற்றுக்கு மின்சாரம் இருந்தால் நீர்மூழ்கி மோட்டார். இல்லாவிட்டால் எஞ்சினை மேலேயே வைத்து ஜெனரேட்டர் ஓட்டி அதே மோட்டாரை இயக்குங்கள். ஏற்கெனவே தட்டு கட்டிப் பம்பை இறக்கியிருந்தால், எஞ்சின் நின்று வெகுநேரம் ஆனாலும் அதை எடுக்க யாரும் உள்ளே இறங்க வேண்டாம்; கொக்கி போட்டு, கயிற்றால் மேலே இருந்தே தூக்குங்கள்.